பத்துப் பேருக்கான மூங்கில் தெப்பம்

"சும்மா ரிலாக்ஸா ஒரு நாள் இருந்துட்டு வருவோம்மா" என்றான் என் மகன்.

அவன் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். நான்கு நாள் லீவில் வந்திருந்தான். குமுளிக்கு மேலே, ஏலத்தோட்டங்களைத் தாண்டி ஓர் ஆறு இருக்கிறதாம். அதில் மூங்கில் தெப்பத்தில் ஏற்றி இரண்டு மணி நேரம் கூட்டிப்போகிறார்களாம். வழிகாட்டி கூடவே வருவார், மோட்டார் சத்தம் கிடையாது, பறவை பார்க்கலாம் என்று செல்போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினான். மூன்று பேருக்குப் பதிவும் செய்துவிட்டான். அவன், நான், என் நாத்தனார்.

எனக்கு எரிச்சல் வந்தது. "அவள எதுக்குலே இழுக்குற?"

"நீயும் அத்தையும் பேசி ரெண்டு வருசமாச்சு. அடுத்தடுத்த வீடு. கேக்குறவுகளுக்குப் பதில் சொல்ல எனக்குத்தான் கேவலமா இருக்கு. அத்தை வாரேன்னு சொல்லிருச்சு. நீதான் பிகு பண்ற."

பேசாமல் இருந்தது நான் இல்லை. அவள்தான். அதற்குக் காரணம் இருந்தது. காரணம் நான். என்ன செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் தெப்பத்தைப் பற்றிப் படித்துப் பிரயோசனமில்லை.

எங்கள் ஊர் கம்பத்துக்குக் கிழக்கே, சுருளிப்பட்டி போகிற வழியில். கீழே திராட்சைத் தோட்டத்தில் வருடம் முழுக்க வேலை இருக்காது. மலைமேல் ஏலத்தோட்டத்தில் இருக்கும். அதனால் விடியும்முன் ஜீப் ஏறி மலைக்குப் போய், காய் பறித்துவிட்டு, இருட்டும்முன் இறங்குகிற பெண்கள் எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் உண்டு. நான் இருபத்திரண்டு வருடம் அப்படிப் போனேன். அதில் கடைசிப் பதினோரு வருடம் நான் கங்காணி. ஆள் சேர்ப்பது, யார் எங்கே உட்காருவது என்று சொல்வது, தோட்டத்தில் வேலையைப் பிரித்துக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. ஜீப் ஓட்டியது என் கூடப்பிறந்த தம்பி.

ஜீப்பில் பத்துப் பேர் என்றால் செக்போஸ்ட்டில் கேள்வி இல்லை. நாங்கள் பதினேழு பேர் போவோம். செக்போஸ்ட்டுக்கு முந்தின வளைவில் தம்பி வண்டியை நிறுத்துவான். ஏழு பேர் இறங்குவார்கள். அங்கிருந்து காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை ஒன்று செக்போஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு அடுத்த வளைவுக்குப் போகிறது. ஜீப் பத்துப் பேரோடு நல்ல பிள்ளை மாதிரி செக்போஸ்ட்டைத் தாண்டி அங்கே போய் நிற்கும். இறங்கியவர்கள் பனியிலும் மழையிலும் நடந்து, காலில் அட்டையோடு வந்து ஏறுவார்கள். சாயங்காலம் திரும்பும்போதும் அதே கதை. அவர்களுக்கு 'நடை ஆள்' என்று பெயர். யார் நடை ஆள் என்று சொல்வதும் நான்தான்.

வேற்று வீட்டுப் பெண்ணை இறங்கச் சொன்னால் முறைப்பாள். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சொன்னால் மூன்றாம் நாள் அடுத்த ஜீப்புக்குப் போய்விடுவாள். சொந்தக்காரி எங்கே போவாள்? அதனால் என் நாத்தனாரை நிரந்தர நடை ஆளாக வைத்துவிட்டேன். என் புருஷனின் தங்கை. கட்டிய ஆள் விட்டுப் போய்விட்டான். ஒரே மகளைப் பெரியகுளத்தில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. தனியாள். "ஏத்தா, எறங்கு" என்பேன். இறங்குவாள். பதினோரு வருடம் இறங்கினாள். உட்காருவதிலும் அதே நியாயம்தான். வேற்றாளை மடியில் உட்கார வைக்க முடியாது. அவளைத்தான் என் மடியில் உட்கார வைப்பேன். வளைவில் வண்டி சாயும்போது அவள் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுப் பிடித்துக்கொள்வேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழைநாள் சாயங்காலம், இறங்கும்போது, ஜீப் கவிழ்ந்தது. செக்போஸ்ட்டைத் தாண்டி நடை ஆட்களை ஏற்றியாகிவிட்டது. அதற்குப் பிறகு மூன்றாவது வளைவில் வண்டி வழுக்கி, மலைப்பக்க ஓடையில் சாய்ந்து விழுந்தது. தம்பி குடித்திருக்கவில்லை. தூங்கவுமில்லை. பாரம். அவ்வளவுதான்.

முன்சீட்டில் இருந்த ஒரு வயதான பெண் அங்கேயே இறந்துபோனாள். என் நாத்தனார் என் மடியில் இருந்தாள். அவளுடைய வலது கை ஜீப்பின் மேல்கம்பிக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டியது. நான் அவள்மேல் விழுந்தேன். எனக்குக் கன்னத்தில் சிராய்ப்பு.

போலீஸ் வந்தது. நடக்க முடிந்த நடை ஆட்கள் காக்கிச்சட்டையைப் பார்த்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, காட்டுக்குள் இறங்கி நடந்தார்கள். ரத்தம் ஒழுக ஒழுக நடந்தார்கள். யாரும் போகச் சொல்லவில்லை. பதினோரு வருடப் பழக்கம்.

என்னிடம் வண்டியில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார்கள். நான் பத்துப் பெயர் சொன்னேன். செக்போஸ்ட்டில் யாராவது கேட்டால் சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த பெயர்கள். அதிர்ச்சியில் வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய். முதல் மூன்று பெயர்கள் தானாக வந்தன. நாலாவது பெயருக்கு முன்னால் எனக்குப் புத்தி வந்துவிட்டது. ரோட்டோரத்தில் தம்பி கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றான். தெரிந்தேதான் மிச்ச ஏழு பெயரையும் சொன்னேன்.

நாத்தனாரைப் போலீஸ் வருவதற்கு முன்பே வேறொரு ஜீப்பில் போட்டுத் தேனிக்கு அனுப்பியிருந்தேன். போனில் என் புருஷனிடம், வரப்பில் வழுக்கி விழுந்தாள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லும்படி சொன்னேன். வரப்பில் விழுந்தால் கை இப்படியா நசுங்கும் என்று டாக்டர் கேட்டாராம். "கல்லு கெடந்துச்சுங்க" என்றிருக்கிறார் என் புருஷன். அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

அந்தக் கை இப்போது மடங்காது. விரல்கள் விறைத்து ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். காய் பறிக்க முடியாது, தலை பின்ன முடியாது. வீரபாண்டித் திருவிழாவில் வருடம் தவறாமல் தீச்சட்டி எடுக்கிறவள் அவள். அந்த வருடம் சட்டியைப் பிடிக்கக் கை இல்லை. அவளுக்காக நான் எடுக்கிறேன் என்று மகனிடம் சொல்லியனுப்பினேன். "ஒங்க அம்மா எனக்காக ஒண்ணும் எடுக்க வேணாம். எடுத்த வரைக்கும் போதும்" என்று பதில் வந்தது. அதுதான் அவள் கடைசியாக எனக்குச் சொல்லி அனுப்பியது.

மகன் லீவில் வந்த சமயம் வழக்கு கோர்ட்டுக்கு வந்திருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை நான் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. போலீஸ் காகிதத்தில் அவள் பெயர் இல்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் வரப்பு என்று இருக்கிறது. அவள் அந்த ஜீப்பில் இருந்தாள் என்று கங்காணி என் வாயால் சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் அவள் இருக்கவே இல்லை என்று அவளுடைய வக்கீல் சொல்லிவிட்டார். மற்ற நடை ஆட்கள் வாய் திறக்கமாட்டார்கள். நாளைக்கும் அவர்களுக்கு ஏதாவது ஒரு ஜீப்பில் இடம் வேண்டும்.

நான் சொன்னால் என் தம்பி மாட்டுவான். அந்த வாரம் அவன் ஒரு பெட்டி பன்னீர் திராட்சையோடு வீட்டுக்கு வந்தான். "பத்துன்னு மட்டும் சொல்லுக்கா. புதுசா ஒண்ணும் சொல்ல வேணாம். முன்னாடி சொன்னதையே சொல்லு" என்றான். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. திராட்சையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் மகன் காரை வாசலில் நிறுத்தினான். நாத்தனார் நல்ல புடவை கட்டி, விறைத்த கையைத் துண்டால் மூடிக்கொண்டு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். நான் முன்சீட்டில். கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பாட்டுப் போட்டு, இருபத்திரண்டு வருடம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறிய மலையில் என் மகன் ஒற்றைக் கையால் வண்டி ஓட்டிக்கொண்டு ஏறினான்.

ஜீப் கவிழ்ந்த வளைவைத் தாண்டினோம். அதற்கும் மேலே போய், செக்போஸ்ட்டுக்கு முந்தின வளைவு வந்ததும் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"நிறுத்துப்பா."

"என்னத்தை, வாந்தி வருதா?"

"இல்ல. நான் இங்கன எறங்கிக்கிறேன். நீங்க அடுத்த வளைவுல நில்லுங்க."

"கார்ல மூணு பேருதான் இருக்கோம். யாரு என்ன கேக்கப் போறா?"

"ஒங்க அம்மாகிட்டக் கேளு. நான் எறங்க வேண்டிய எடம் இது."

கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காட்டுப்பாதையில் நுழைந்தாள். பாதை முன்னைவிட அகலமாகியிருந்தது. இப்போதும் ஆட்கள் நடக்கிறார்கள் என்று அர்த்தம். மகன் என்னைப் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்தேன். செக்போஸ்ட்டில் ஒருவர் சும்மா கையசைத்துப் போகச் சொன்னார். அடுத்த வளைவில் பத்து நிமிடம் காத்திருந்தோம். அவள் வந்து ஏறினாள். முந்தானையில் ஒட்டுப்புல். காலிலிருந்து ஓர் அட்டையைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தாள். "பழகிருச்சு" என்றாள் மகனிடம்.

அவன் பாட்டை நிறுத்திவிட்டான். ஏதோ புரிந்திருக்க வேண்டும். நான் அப்போதே வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆற்றங்கரையில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. கரையில் தெப்பம் கட்டிக் கிடந்தது. முழு மூங்கில்களை இரண்டு அடுக்காகப் போட்டுக் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள். நடுவில் உட்கார மூங்கில் பலகை. வழிகாட்டி என் வயதுதான் இருப்பார். கறுத்து, ஒல்லியாக, காக்கி அரைக்கால் சட்டை. அந்த மலைக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். தெப்பம் தள்ள இன்னொரு ஆள்.

எங்களோடு மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பமும் ஏற வேண்டும். அவர்கள் ஏழு பேருக்குப் பதிவு செய்துவிட்டு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். எட்டாவது ஆள் அந்த வீட்டு மச்சினன்.

வழிகாட்டி எல்லோரையும் எண்ணினார். திரும்பவும் எண்ணினார். "பத்துப் பேருதான். ஒராள் கூடுதல்" என்றார்.

"அட, ஒரு ஆளுதானே. அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றார் மதுரைக்காரர்.

"பற்றில்ல சாரே, முடியாது. பத்துன்னா பத்து."

"அவன் ஒல்லியாத்தான் இருக்கான். மடியில கூட உக்கார வச்சுக்கிறேன்."

பின்னால் என் நாத்தனார் சிரித்தது கேட்டது. நான் திரும்பவில்லை.

மதுரைக்காரர் சத்தம் போட்டார். யாருக்கோ போன் போட்டார். வழிகாட்டி குரலை உயர்த்தாமல் அதையே சொன்னார். கடைசியில் மச்சினன் கொட்டகையிலேயே உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்துக் கையாட்டினான். எனக்கு அந்த வழிகாட்டிமேல் கோபம் கோபமாக வந்தது. வேடிக்கை பார்க்க வந்தவனுக்கு இவ்வளவு காபந்தா? இவ்வளவு எண்ணிக்கையா? இதே மலையில், இந்த ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில், பிழைக்க வந்த பெண்களை மூட்டை மாதிரி அடுக்கிக்கொண்டு எத்தனை ஜீப் போகிறது? பிறகு, அடுக்கியது யார் என்று ஞாபகம் வந்தது.

ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை மாட்டினார்கள். நாத்தனாரின் கை உள்ளே நுழையவில்லை. வழிகாட்டி அவசரப்படாமல் கையைத் தொட்டு, மெதுவாகத் திருப்பி, உள்ளே விட்டு, வாரை இழுத்துப் பூட்டினார். பிறகு ஒரு நோட்டை எடுத்து எல்லோரிடமும் பெயர், ஊர், போன் நம்பர் கேட்டு எழுதினார். அவள் முறை வந்தது. சொன்னாள். எழுதினார்.

"எழுதிட்டியளா?"

"எழுதி."

"காட்டுங்க."

அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்துத் தன் பெயரைக் கண்டுபிடித்தாள். இடது கை விரல். "என்னைய எத்தனாவது ஆளா எழுதியிருக்கீக?"

"மூணாமத்து."

"பத்துக்குள்ளதான வருது?"

"பத்துக்குள்ளதான் சேச்சி."

"அப்பச் சரி" என்றாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தெப்பத்தில் ஏறினாள்.

தெப்பம் நகர்ந்தது. முன்னால் வழிகாட்டி நீளமான கழியை ஊன்றித் தள்ளினார். பின்னால் மற்ற ஆள். மூங்கில் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறிக் காலை நனைத்தது. சில்லென்று இருந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் ஆற்றின்மேல் சாய்ந்து நின்றன. தண்ணீர் பச்சையாக, ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கிடந்தது. மீன்கொத்தி ஒன்று கரைக்கொம்பிலிருந்து பாய்ந்தது. மதுரைக்காரர்கள் செல்போனைத் தூக்கினார்கள். வழிகாட்டி வாயில் விரல் வைத்துச் சத்தம் வேண்டாம் என்றார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் அடங்கிவிட்டார்கள். கழி தண்ணீரில் இறங்கி ஏறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

உடம்புக்கு நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். எத்தனையோ வருடமாகக் கடுத்துக்கொண்டிருந்த முதுகு இளகியது. அதற்கும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இந்தச் சுகத்தை அனுபவிக்க எனக்கு என்ன யோக்கியதை?

நாத்தனார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இடம் அப்படி அமைந்துவிட்டது. என் மகன் அப்படி அமைத்திருக்கலாம். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"ஏ மதினி, ஆத்துல செக்போஸ்ட் வந்தா நான் எறங்கி நீந்தணுமோ?"

மகன் பக்கென்று சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். நான், "வாய மூடுறியா, தள்ளிவிடவா?" என்றேன். வேறென்ன சொல்ல?

"தள்ளு. இங்கன தள்ளுனா தேடுவாக. நோட்டுல பேரு இருக்கு."

கழியை ஊன்றியபடியே வழிகாட்டி திரும்பிப் பார்த்தார். சண்டையா, விளையாட்டா என்று அவருக்குத் தெரியவில்லை. என் மகன் பேச்சை மாற்ற நினைத்து, "ஏண்ணே, ஒரு ஆளு கூட ஏறுனா தெப்பம் முங்கிருமா?" என்று கேட்டான்.

"முங்காது. பன்னெண்டு ஆளுக்கும் தாங்கும்."

"பெறகு எதுக்கு அந்த மனுசன எறக்கி விட்டீக?"

"பத்துன்னு எழுதியிருக்குல்லோ. தெப்பம் மறிஞ்சா எத்தன பேரத் தேடணும்னு எங்களுக்குத் தெரியணும். பத்தாளக் கரையேத்திட்டு, தீர்ந்துன்னு நாங்க போயிருவோம். பதினொண்ணாமத்து ஆளு அடியில கிடக்கும்."

சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கழியை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

பாதி வழியில் ஒரு மணல்திட்டில் தெப்பத்தை ஒதுக்கினார்கள். பால் விடாத கட்டன் சாயாவும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கொடுத்தார்கள். காந்தாரி மிளகாய்த் துவையல் சுள்ளென்று இருந்தது. மகன் வழிகாட்டியோடு பேசப் போய்விட்டான். நாத்தனார் இடது கையில் கிளாசைப் பிடித்துக்கொண்டு ஒரு வேரில் உட்கார்ந்தாள். கிழங்குத் தட்டு தரையில் இருந்தது. இரண்டையும் ஒரு கையால் எப்படிச் சமாளிப்பாள்? நான் கிளாசை வாங்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் தடுக்கவில்லை. கிழங்கைத் தின்றாள்.

தின்று முடித்துவிட்டு, "மதினி, அன்னைக்கு நான் எங்க உக்காந்திருந்தேன்?" என்றாள்.

"தெரியாதமாதிரி கேக்குற."

"எனக்குத் தெரியும். நீ சொல்லு. ஒரு தடவை ஒன் வாயால கேக்கணும்."

"எம் மடியில."

"ஒன் கை எங்க இருந்துச்சு?"

"ஒன் இடுப்புல."

"பிடிச்சிருந்தியா?"

"பிடிச்சிருந்தேன்."

"இதத்தான செவ்வாக்கெழம கேக்கப்போறாக. பதினேழு நீ சொல்ல வேணாம். ஒந் தம்பி திமுருக்கு ஓட்டுனான்னும் சொல்ல வேணாம். அவன் பிள்ளைக எனக்கும் பிள்ளைகதான். 'இவ எம் மடியில இருந்தா', அவ்வளவு சொல்லு. செத்துப் போனாளே, அவளுக்காச்சும் காயிதத்துல ஒரு சீட்டு இருந்துச்சு. நான் உசுரோட இருந்துக்கிட்டு, எங்க விழுந்தன்னு கேட்டா வரப்புலன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறேன். நம்ம வரப்புல ஏதுடி கல்லு?"

'டி' போட்டுவிட்டாள். மதினியை யாரும் 'டி' போட மாட்டார்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மடியில ஒருத்தி இருந்தான்னா அது பதினொண்ணு ஆயிரும். பதினொண்ணுன்னா வரிசையா எல்லாம் வரும்" என்றேன்.

"வரட்டும். எண்ணத் தெரியாதா ஒனக்கு? தெனமும் எண்ணிட்டுத்தான ஏத்துன?"

சாயா ஆறிப்போனது. அவளிடம் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்தாள்.

திரும்பும்போது எதிர்த்தண்ணீர். தெப்பக்காரர் இரண்டு பேரும் மூச்சுவாங்கத் தள்ளினார்கள். மதுரைக்காரர்களில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். கரையில் இறங்கியதும் வழிகாட்டி நோட்டை விரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கண்ணுக்கு முன்னால் நிற்கிற ஆளைக்கூட அவர் பதில் வராமல் விடவில்லை. நாத்தனார் பெயரைக் கூப்பிட்டார். கொட்டகையே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "இருக்கேன்" என்றாள்.

இறங்கி வரும்போது செக்போஸ்ட் வளைவில் மகன் வேகத்தைக் குறைத்துப் பின்கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "போப்பா. கால் வலிக்குது" என்றாள்.

செவ்வாய்க்கிழமை கூண்டில் ஏறி, வண்டியில் பதினேழு பேர் இருந்தோம் என்று சொன்னேன். என் நாத்தனார் என் மடியில் இருந்தாள், அவள் கை நசுங்கியது கம்பிக்கும் பாறைக்கும் நடுவில், வரப்பில் இல்லை, அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னது நான் என்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "அன்றைக்குப் பத்து, இன்றைக்குப் பதினேழு. எது பொய்?" என்றார்.

"அன்னைக்குச் சொன்னது" என்றேன்.

"உறவுக்காரி என்பதால் மாற்றிச் சொல்கிறீர்கள்."

"ஓட்டுனது எங்கூடப்பொறந்த தம்பிங்க. உறவப் பாத்துத்தான் அன்னைக்கு மறைச்சேன்."

வெளியே வேப்பமரத்தடியில் தம்பி நின்றான். "ஒன் நாத்தனாவுக்காக எங் குடும்பத்தக் கவுத்துட்டேல்ல" என்றான்.

"கவுத்தது நீ. நான் எண்ணிச் சொன்னேன்."

"எண்ணுற மூஞ்சி. யாரு ஏத்தச் சொன்னது? நீ. யாரு எறக்கி நடக்கவிட்டது? நீ. அதையும் உள்ள சொன்னியா?"

சொல்லியிருந்தேன். ஆனால் அவன் கேட்டதில் தப்பில்லை. அதற்குப் பிறகு அவன் என் வீட்டுப் படி ஏறவில்லை. அவன் பெண்கள் என்னை ரோட்டில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. நாத்தனார் கை மடங்கப் போவதில்லை. என்னோடு பேசுகிறாள். வேண்டும்போது பேசுகிறாள், வேண்டாதபோது கதவைச் சாத்திக்கொள்கிறாள். விடியும்முன் ஜீப்புகள் எங்கள் தெரு வழியாகத்தான் போகின்றன. வேறொரு பெண் இப்போது ஆட்களை அடுக்குகிறாள்.

இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

கூண்டில் நிற்கும்போது நீதிபதி, பதினேழு பெயரையும் சொல்லுங்கள் என்றார். முன்சீட்டிலிருந்து ஆரம்பித்தேன். இறந்தவள், அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள், நடுவில் எதிரெதிராக இருந்தவர்கள், நான், என் மடியில் நாத்தனார், பின்படியில் தொங்கியவர்கள். சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொண்டே வந்தார். பதினாறு வந்து நின்றுவிட்டது.

பதினேழாவது ஆள் காலடியில் உட்கார்ந்திருந்தாள். எல்லோர் காலுக்கும் நடுவில், தூக்குவாளிகளோடு தூக்குவாளியாக. புதுப் பெண். அன்றைக்குத்தான் முதல் நாள். யாரோ கூட்டி வந்தார்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பச்சை நிறத்தில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். காலையிலும் சாயங்காலமுமாக, நடை ஆளாக இரண்டு தடவை அவளை இறக்கிவிட்டேன். இரண்டு தடவையும் ஒன்றும் பேசாமல் இறங்கினாள். வண்டி கவிழ்ந்த பிறகு மற்றவர்களோடு காட்டுக்குள் நடந்துபோனாள் என்று ஒருத்தி சொல்கிறாள். இல்லை, அவளைப் பார்க்கவே இல்லை என்கிறாள் இன்னொருத்தி. கூட்டி வந்தது தான் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

"பெயர்?" என்றார் நீதிபதி.

"தெரியாதுங்க" என்றேன். "கேக்கல."

எழுதுகிறவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு பதினாறுக்குக் கீழே பதினேழு என்று எண்ணை மட்டும் போட்டார்.